கருகும் கனெக்டர்: பழைய கணினிகளின் ஐந்து வோல்ட் சிக்கல்

பழைய மேசைக் கணினி ஒன்றின் மூடியைக் கழற்றினால், பவர் சப்ளைப் பெட்டியிலிருந்து மதர்போர்டுக்கு ஓடும் வயர்க்கொத்தும், அதன் முனையில் நைலானால் ஆன கனெக்டரும் தெரியும். புதிதில் அது வெள்ளையாகவோ தந்த நிறத்திலோ இருந்திருக்கும். முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்த இயந்திரத்தில் அதன் ஒரு பகுதி, பெரும்பாலும் சிவப்பு வயர்கள் நுழையும் இடம், மஞ்சளித்துப் பழுப்பேறியிருக்கும். நிலைமை முற்றியிருந்தால் நைலான் உருகி, உள்ளே இருக்கும் உலோக முனை கறுத்து, பலகையில் சால்டர் வைத்த இடம் வரை கருகியிருக்கும். அதே கனெக்டரில் மற்ற வயர்கள் நுழையும் இடங்களோ புதிதுபோல் இருக்கும். பழங்கணினிகளைப் பழுதுபார்ப்பவர்கள் அடிக்கடி சந்திக்கும் கோளாறு இது. பார்வைக்குச் சிறியதுதான், ஆனால் கவனிக்காமல் விட்டால், இன்று புதிதாக வாங்கவே முடியாத ஒரு மதர்போர்டைப் பலிவாங்கிவிடும்.

சிவப்பு வயர் 5 வோல்ட்டைக் கொண்டுவருவது. 1970களிலும் 80களிலும் வந்த கணினிகளின் சில்லுகளில் பெரும்பாலானவை டிடிஎல் வகையைச் சேர்ந்தவை. அவை 5 வோல்ட்டில் இயங்கின. மின்னழுத்தம் இவ்வளவு குறைவாக இருப்பதால், அதே மின்திறனைக் கொண்டுசெல்ல மின்னோட்டம் மிக அதிகமாக இருக்க வேண்டும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி வீட்டின் 230 வோல்ட்டில் இழுப்பது நாலரை ஆம்பியருக்கும் குறைவு. வெறும் 75 வாட் கேட்கும் ஒரு மதர்போர்டு 5 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுக்கும். ஒரு மின்தடையில் உண்டாகும் சூடு மின்னழுத்தத்தைப் பார்த்து வருவதில்லை. அதில் பாயும் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தே வருகிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. தொட்டால் அதிர்ச்சிகூடத் தராத 5 வோல்ட் பாதைதான் கணினிக்குள் அதிகம் சூடேறுவதற்குக் காரணம் இதுவே.

ஐபிஎம் வரிசையிலேயே இந்தச் சுமை எப்படி ஏறியது என்பதைப் பார்க்கலாம். 1981 ஆகஸ்டில் வந்த முதல் ஐபிஎம் பிசியின் பவர் சப்ளை 63.5 வாட், அதன் 5 வோல்ட் பாதை 7 ஆம்பியர் வரை தரும். 1983இல் வந்த எக்ஸ்டி 130 வாட், 15 ஆம்பியர். 1984இல் வந்த ஏடி 192 வாட், 19.8 ஆம்பியர். மூன்றிலும் மதர்போர்டுக்குப் போவது பி8, பி9 என்று பெயரிட்ட இரண்டு ஆறு-முனைக் கனெக்டர்கள். இரண்டு பின்களுக்கு இடையே 3.96 மில்லிமீட்டர். பிசியிலும் எக்ஸ்டியிலும் 5 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், மூன்றும் பி9இல். ஏடியில் நான்காவது ஒன்று பி8இல் சேர்ந்தது. ஆக, எக்ஸ்டியிலும் ஏடியிலும் முழுச் சுமையில் ஒரு பின்னுக்கு ஏறத்தாழ 5 ஆம்பியர் வரை. அந்த வகைக் கனெக்டருக்கு இது தாங்கக்கூடிய அளவுதான். ஆனால் அந்தக் கணக்கு, எல்லாப் பின்களும் சுமையைச் சமமாகப் பகிரும் என்ற நம்பிக்கையில் போட்டது. கோளாறு அங்கேதான் நுழைகிறது.

தொடுமுனையில் நடப்பது

இரண்டு உலோகத் துண்டுகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும்போது, பார்வைக்குப் பரப்பு முழுதும் ஒட்டியிருப்பதுபோல் தெரிந்தாலும், உண்மையில் மின்சாரம் பாய்வது ஒருசில நுண்ணிய மேடுகள் சந்திக்கும் புள்ளிகளின் வழியாக மட்டுமே. இதை விரிவாக ஆராய்ந்து, தொடுமுனைகளைப் பற்றிய அறிவியலுக்கு அடித்தளம் போட்டவர் ரக்னார் ஹோம். மின்தொடுமுனைகளுக்கென நடக்கும் பன்னாட்டு மாநாடு இன்றும் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. உண்மையான தொடுபரப்பைத் தீர்மானிப்பவை அழுத்தும் விசையும் உலோகத்தின் கடினத்தன்மையும் என்பதும், பின் எவ்வளவு பெரியது என்பது இரண்டாம்பட்சம் என்பதும் அந்த ஆய்வுகளின் முக்கிய முடிவுகள். கனெக்டரின் உயிர் அதற்குள் இருக்கும் சின்னஞ்சிறு வில்லின் இறுக்கத்தில் இருக்கிறது.

அந்த இறுக்கம் காலப்போக்கில் தளர்கிறது. மலிவான முனைகள் பித்தளையால் ஆனவை. சூடு பட்டால் பித்தளை தன் வில்தன்மையைச் சீக்கிரம் இழந்துவிடும். பாஸ்பர் வெண்கலம் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இரண்டின் மேலும் பொதுவாக வெள்ளீயப் பூச்சு இருக்கும். வெள்ளீயத்தின் மேல் காற்றுபட்டதும் மெல்லிய ஆக்ஸைடு படலம் உருவாகிறது. கனெக்டரைச் செருகும்போது அந்தப் படலம் உரசிக் கிழிந்து, சுத்தமான உலோகம் உலோகத்தைத் தொடும். காற்றுப் புகாத அந்த இறுக்கம் இருக்கும்வரை கவலையில்லை. ஆனால் கணினியைப் போடும்போது சூடேறி விரிவதும், அணைக்கும்போது குளிர்ந்து சுருங்குவதுமாக, முனை தன் இடத்திலிருந்து மைக்ரான் கணக்கில் முன்னும் பின்னும் நகர்கிறது. ஒவ்வொரு நகர்விலும் புதிய வெள்ளீயம் வெளிப்பட்டு, ஆக்ஸைடாகி, அந்தத் தூள் தொடுபுள்ளிகளுக்கு இடையே சேர்கிறது. நாள்தோறும் போட்டு அணைக்கப்பட்ட அலுவலகக் கணினிகளுக்கு இந்த வகையில் தேய்மானம் அதிகம்.

ஒரு நல்ல தொடுமுனையின் தடை சில மில்லி ஓம்தான். 5 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று பின்கள் சேர்ந்து 9 ஆம்பியர் சுமக்கும்போது ஒவ்வொன்றுக்கும் 3 ஆம்பியர். ஒவ்வொன்றிலும் உண்டாகும் சூடு 0.045 வாட். கையால் உணரவே முடியாத அளவு. இப்போது அவற்றில் ஒன்று ஆக்ஸைடு சேர்ந்து 100 மில்லி ஓமாகிவிட்டது என்று கொள்ளலாம். உடனே அந்தப் பின் கருகும் என்று எண்ணத் தோன்றும். நடப்பது நேர்மாறு. மூன்று பின்களும் இணையாக இருப்பதால், மின்னோட்டம் தடை அதிகமான பாதையை விட்டு மற்ற இரண்டின் வழியே போய்விடும். கெட்டுப்போன பின் குளிர்ந்தே இருக்கும். நல்ல பின்கள் இரண்டும் அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கும். அடுத்து அவற்றில் ஒன்றும் தளர்ந்தால், ஏறத்தாழ 9 ஆம்பியர் முழுவதும் மிஞ்சிய ஒன்றின் தலையில் விழும். சூடு ஒன்பது மடங்கு, அதாவது 0.4 வாட். அந்தச் சூட்டில் அதன் வில் தளர்ந்து தடை 20 மில்லி ஓமானால், 1.6 வாட்டுக்கு மேல். கொஞ்சமும் காற்றோட்டம் இல்லாத நைலான் கூட்டுக்குள் இவ்வளவு சூடு போதும், பிளாஸ்டிக் பழுப்பாவதற்கும் வயரின் உறை விறைத்து வெடிப்பதற்கும். சூடு தடையைக் கூட்டுகிறது. கூடிய தடை மேலும் சூட்டை உண்டாக்குகிறது. இந்தச் சுழல் ஒருமுறை தொடங்கிவிட்டால் தானாக நிற்பதில்லை.

ஆகவே கருகிய பின்தான் முதலில் கெட்டது என்று முடிவுகட்டுவது பெரும்பாலும் தவறு. கடைசிவரை உழைத்து மாண்டது அது. அதன் பக்கத்தில் பளபளப்பாக இருக்கும் இரண்டும் எப்போதோ வேலையை விட்டிருக்கும். கருகிய ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை அப்படியே விடும் பழுதுபார்ப்பு சில மாதங்களிலேயே திரும்பி வருவதன் காரணம் இதுதான்.

அறிகுறிகள்

கனெக்டரில் சூடு ஏறுகிறது என்றால் அங்கே மின்னழுத்தமும் இழக்கப்படுகிறது. டிடிஎல் சில்லுகளுக்குத் தேவை 4.75 முதல் 5.25 வோல்ட் வரை. பவர் சப்ளையில் சரியாக 5 வோல்ட் இருந்தாலும், கனெக்டரில் 0.3 வோல்ட் போய்விட்டால் சில்லுகளுக்கு எட்டுவது 4.7தான். கணினி முழுதாகச் செத்துவிடாது; தடுமாறும். போட்டதும் நன்றாக ஓடி, கால் மணி நேரம் கழித்து உறைந்து நிற்கும். ஐபிஎம் இயந்திரங்களில் பாரிட்டி பிழை காட்டி நிற்கும். காரணமின்றித் தானாக மறுதொடக்கம் ஆகும். ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் திரை ஒருமுறை துடிக்கும். இவற்றைப் பார்த்து நினைவகச் சில்லுகளை ஒவ்வொன்றாக மாற்றுபவர்கள் உண்டு. கனெக்டரைக் கழற்றி மறுபடி செருகியதும் கோளாறு மறைந்துவிட்டால், அது குணமாகிவிட்டது என்று பொருளல்ல. செருகியபோது ஆக்ஸைடு கொஞ்சம் உரசிப் போயிருக்கிறது, அவ்வளவே. தளர்ந்த வில் தளர்ந்தபடியேதான் இருக்கிறது. லூஸ் காண்டாக்ட் என்று சொல்லி ஆட்டிவிட்டு விட்டுவிடும் பழக்கம், இந்தக் கோளாறு முற்றி மதர்போர்டு வரை போவதற்கு முக்கியக் காரணம்.

கறுப்பு வயர்களையும் மறக்கக் கூடாது. சிவப்பு வழியாக வந்த மின்னோட்டம் எல்லாம் கறுப்பு வழியாகத்தான் திரும்புகிறது. கிரவுண்டு பின்களில் தடை ஏறினால் பலகையின் பூஜ்ய வோல்ட் மட்டமே உயர்ந்து ஆடத் தொடங்கும். அதன் விளைவுகள் இன்னும் குழப்பமானவை.

அளந்து பார்த்தல்

ஓம் மீட்டரால் இந்தக் கோளாற்றைப் பிடிக்க முடியாது. சாதாரண மல்டிமீட்டரின் ஒயர்களுக்கே பத்தில் ஒரு பங்கு ஓமுக்கு மேல் தடை உண்டு. சில மில்லி ஓம் வித்தியாசம் அதில் மறைந்துபோகும். சரியான வழி, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்னழுத்த இழப்பை மில்லிவோல்ட்டில் அளப்பது. மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கனெக்டரின் பின்பக்கமாக, வயர் நுழையும் துளைக்குள் தெரியும் உலோகத்தில் தொட வேண்டும். மறு முனையை அதே பின் பலகையில் சால்டர் ஆகியிருக்கும் இடத்தில் தொட வேண்டும். கிடைப்பது அந்தத் தொடுமுனையில் இழக்கப்படும் மின்னழுத்தம்.

இருபது மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல நிலை. ஐம்பதைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். இதற்கு ஓர் அறிவியல் அளவுகோலும் உண்டு: தொடுபுள்ளியில் விழும் மின்னழுத்தத்துக்கும் அந்தப் புள்ளியின் வெப்பநிலைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. வெள்ளீயத்தைப் பொறுத்தவரை ஏறத்தாழ 70 மில்லிவோல்ட்டில் அந்த நுண்புள்ளிகள் மென்மையாகத் தொடங்கும். 130 மில்லிவோல்ட்டில் உருகும். வெளியே தொட்டால் வெதுவெதுப்பாகத் தெரியும் கனெக்டருக்குள்ளேயே இது நடக்கக்கூடும்.

ஆனால் இணையாக ஓடும் பின்களில் இந்த ஒரு அளவு மட்டும் போதாது. எந்தப் பின் உழைக்கிறது, எது சும்மா இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். டிசி கிளாம்ப் மீட்டர் இருந்தால் ஒவ்வொரு சிவப்பு வயரையும் தனித்தனியாகக் கவ்விப் பார்த்துவிடலாம். இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. இந்த வயர்கள் பெரும்பாலும் 18 கேஜ். ஒரு மீட்டர் நீளத்துக்கு 21 மில்லி ஓம் தடை உள்ளவை. ஆகவே 30 சென்டிமீட்டர் நீளத்தில் சுமார் 6 மில்லி ஓம். அந்த நீளத்தின் இரு முனைகளுக்கு இடையே 18 மில்லிவோல்ட் காட்டினால் அந்த வயரில் 3 ஆம்பியர் ஓடுகிறது. பக்கத்து வயரில் 2 மில்லிவோல்ட்தான் என்றால் அதன் தொடுமுனை வேலை செய்யவில்லை. மூன்று வயர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்டினால்தான் கனெக்டர் நலமாக இருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகாது. ஆனாலும் பழுதுபார்ப்போரில் பலர் இதைச் செய்வதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

அளக்கும்போது கைமோதிரம், உலோக வளையல், கடிகாரச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். 5 வோல்ட் அதிர்ச்சி தராது. ஆனால் சிவப்பையும் கறுப்பையும் ஒரு மோதிரம் இணைத்துவிட்டால் 15 ஆம்பியர் பாய்ந்து விரலைச் சுட்டுவிடும். பவர் சப்ளைப் பெட்டியைத் திறப்பது வேறு கதை. அதற்குள் 230 வோல்ட் நேர்மின்னாக மாறி ஏறத்தாழ 325 வோல்ட்டாகப் பெரிய கெபாசிட்டர்களில் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். கனெக்டர் வேலைக்கு அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் வருவதில்லை.

செய்யக் கூடாதவை இரண்டு

மதர்போர்டில் 4.7 வோல்ட் காட்டுகிறது என்பதற்காக, பவர் சப்ளையின் உள்ளே இருக்கும் திருகியைத் திருப்பி மின்னழுத்தத்தை ஏற்றிவிடுவது மோசமான பழக்கம். கனெக்டரில் சூடு குறையாது. ஹார்டு டிஸ்க் முதலியவை வேறு கனெக்டர் வழியாக நேரடியாக மின்சாரம் பெறுகின்றன. ஏற்றிய மின்னழுத்தம் முழுவதும் அவற்றுக்குப் போய்ச்சேரும். பின்னொரு நாள் யாராவது கனெக்டரைச் சரிசெய்தால் மதர்போர்டுக்கும் அதே கதி.

இரண்டாவது, உப்புத்தாளோ அரமோ கொண்டு பின்களைத் தேய்ப்பது. வெள்ளீயப் பூச்சின் தடிமன் சில மைக்ரான் மட்டுமே. தேய்த்ததும் பின் பளபளவென்று தெரியும். இரண்டு நாள் இயந்திரமும் நன்றாக ஓடும். ஆனால் பூச்சு போய் வெறும் பித்தளை வெளிப்பட்டுவிட்டால், அது முன்பைவிட வேகமாகக் கறுக்கும். பழுப்பேறாத, வில் தளராத கனெக்டர் என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் காண்டாக்ட் கிளீனரும் போதும். பழுப்பேறிவிட்டால் சுத்தம் செய்வதில் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

இரு பாதிகளையும் மாற்றுதல்

கனெக்டர் என்பது இரண்டு பாதிகள் சேர்ந்தது: வயர் முனையில் இருக்கும் பெண் முனைகள், பலகையில் இருக்கும் ஆண் பின்கள். ஒன்று சூடேறியிருந்தால் மற்றதும் சூடேறியிருக்கும். கருகிய பின்னின் மேல் புதிய முனையைச் செருகினால், பின்னின் மேல் படிந்த ஆக்ஸைடு புதிய முனையின் பூச்சைச் சுரண்டிக் கெடுத்துவிடும். இரண்டையும் ஒருசேர மாற்றுவது ஒன்றே நிலைக்கும் வழி.

பலகையிலிருந்து பழைய பின்வரிசையைக் கழற்றுவதுதான் கடினமான பகுதி. ஆறு பின்களையும் ஒரே நேரத்தில் உருக்கி இழுக்க முயல்வது, துளைகளின் உள்சுவரில் பூசியிருக்கும் செம்பைப் பிய்த்துக்கொண்டு வரும். முதலில் பிளாஸ்டிக் அடிப்பகுதியைக் கட்டரால் நறுக்கி எடுத்துவிட்டு, ஒவ்வொரு பின்னாகச் சூடாக்கி உருவ வேண்டும். கிரவுண்டு பின்கள் அகலமான செம்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சிறிய சால்டரிங் இரும்பு அங்கே போதாது. பழைய சால்டரோடு புதிய 63/37 ஈயச் சால்டரைக் கொஞ்சம் சேர்த்து உருக்கினால், 183 டிகிரியிலேயே உருகும் அந்தக் கலவை பழையதையும் இளக்கிவிடும். பலகையே கருகியிருந்தால், கறுத்த பகுதியை விட்டுவைக்கக் கூடாது. கரியாகிப்போன பலகை மின்சாரத்தைக் கடத்தும். இரண்டு பின்களுக்கு நடுவே அது இருந்தால் மெல்லிய கசிவு ஓடி மறுபடியும் எரியும். நல்ல நிறம் தெரியும்வரை சுரண்டி எடுத்து, குழியை எப்பாக்ஸியால் நிரப்ப வேண்டும்.

புதிய பின்வரிசை வாங்கும்போது பூச்சைக் கவனிக்க வேண்டும். வெள்ளீயப் பின்னுக்கு வெள்ளீய முனை, தங்கப் பின்னுக்குத் தங்க முனை. தங்கம் உயர்ந்தது என்று ஒரு பக்கம் மட்டும் தங்கம் போடுவது தீமையே செய்யும். வெள்ளீயத்தின் ஆக்ஸைடு தங்கத்தின் மேல் அப்பிக்கொள்ளும். 3.96 மில்லிமீட்டர் வரிசையில் பாஸ்பர் வெண்கலத்தால் ஆன, பின்னை மூன்று இடங்களில் தொடும் முனைகள் கிடைக்கின்றன. மோலெக்ஸ் நிறுவனம் அவற்றை டிரைஃபர்கான் என்ற பெயரில் விற்கிறது. விலை வித்தியாசம் அற்பம். 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் அவையே ஏற்றவை. விவரத்தாளில் 7 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால் ஒவ்வொரு பின்னிலும் 7 ஆம்பியர் ஓட்டலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்துப் பின்களும் சூடாக இருக்கும்போது தாங்கும் அளவு குறையும்.

அடுத்தது வயர். கருகிய முனையை வெட்டிவிட்டு உறையைச் சீவினால், உள்ளே செம்பு இழைகள் கறுத்திருக்கும். சூடு வயருக்குள் சென்டிமீட்டர் கணக்கில் ஏறியிருக்கும் என்பதால், இழைகள் பளிச்சென்ற செந்நிறத்தில் தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். கறுத்த இழையில் எந்த முனையை வைத்தாலும் அது நிற்காது. நீளம் போதாமல் போனால் அதே கனத்தில் புதிய வயர் துண்டைச் சேர்க்கலாம்; செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், அதைத் தொடக் கூடாது.

முனையை வயரோடு இணைப்பது கிரிம்ப். அதற்கென்றே உள்ள கருவியால் அழுத்தும்போது முனையின் இரண்டு இறக்கைகளும் சுருண்டு இழைகளுக்குள் இறங்கி, இழைகளை ஒன்றோடொன்று நசுக்கி, காற்றுப் புகாத ஒரே கட்டியாக்கிவிடும். பின்னால் இருக்கும் இன்னொரு ஜோடி இறக்கைகள் உறையைப் பிடித்துக்கொண்டு அசைவைத் தடுக்கும். மூக்குக் குறடால் நசுக்கினால் இறக்கைகள் மடங்குமே தவிர, இழைகளுக்கு நடுவே இடைவெளி இருந்துகொண்டே இருக்கும். தொடுமுனையைச் சரிசெய்துவிட்டு அதற்கு ஓர் அங்குலம் பின்னால் புதிய கோளாற்றை உண்டாக்கியதாகும். சிலர் கிரிம்ப் செய்த பிறகு மேலே சால்டரும் வைப்பார்கள். சால்டர் இழைகளுக்குள் ஏறி வயரை விறைக்கச் செய்யும். அது நின்ற இடத்தில் வயர் ஒடியும். கிரிம்ப் சரியாக இருந்தால் சால்டர் தேவையில்லை. கையால் பலமாக இழுத்துப் பார்த்து, அசையாமல் இருந்தால் கூட்டுக்குள் தள்ளலாம்; கிளிக்கென்று ஒலித்துப் பூட்டிக்கொள்ள வேண்டும்.

வயர்களை நேரடியாகப் பலகையில் சால்டர் வைத்துவிடுவது சிலர் சொல்லும் குறுக்குவழி. தொடுமுனையே இல்லாததால் சூடு வராது என்பது உண்மை. ஆனால் அதன்பின் பவர் சப்ளையைக் கழற்றிச் சோதிக்க முடியாது. அருங்காட்சியக மதிப்புள்ள இயந்திரத்துக்கு இதைச் செய்வது அநியாயம். பலகையின் துளைகள் பின்வரிசையைப் பிடிக்க முடியாத அளவு சிதைந்திருந்தால் மட்டும் கடைசி வழியாக இதைக் கொள்ளலாம்.

திரும்பப் பொருத்தும்போது பி8, பி9 இரண்டையும் இடம் மாற்றிச் செருகிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. செருகிய பின் கறுப்பு வயர்கள் நான்கும் நடுவில் அடுத்தடுத்து வர வேண்டும். பிரிந்து வந்தால் உடனே கழற்ற வேண்டும். அப்படியே போட்டால் சில்லுகள் மாளும்.

மற்ற இயந்திரங்கள்

1981இல் பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் கொண்டுவந்த பிபிசி மைக்ரோவில் பின்வரிசை இல்லை. பவர் சப்ளையிலிருந்து ஏழு தனி வயர்கள் வந்து, பலகையில் நிற்கும் தட்டையான தகட்டு முனைகளின் மேல் செருகிக்கொள்ளும்: மூன்று சிவப்பு, மூன்று கறுப்பு, மைனஸ் 5 வோல்ட்டுக்கு ஓர் ஊதா. இந்தச் சிவப்பு-கறுப்பு ஜோடிகள் பலகையின் வெவ்வேறு இடங்களில் இறங்குவதால், ஒன்று தளர்ந்தால் அந்தப் பகுதிக்கான மின்னோட்டம் பலகையின் செம்புத் தடங்கள் வழியே சுற்றிவர வேண்டியிருக்கும். ஒரு மூலையில் 5 வோல்ட்டும் இன்னொரு மூலையில் அதற்குக் குறைவாகவும் இருக்கும். இந்த இயந்திரம் இந்தியாவுக்கும் வந்தது. 1984-85இல் பள்ளிகளில் தொடங்கிய கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டம் பிபிசி மைக்ரோவைக் கொண்டே நடந்தது. மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் அதை யூனிகார்ன் என்ற பெயரில் தயாரித்தது. அப்படி ஒன்று கிடைத்தால், போட்டுப் பார்க்கும் முன் ஏழு முனைகளையும் ஒவ்வொன்றாக உருவிப் பார்ப்பது நல்லது. எளிதில் கழன்று வரும் முனையை மாற்ற வேண்டும். குறடால் நெருக்கிவிட்டுத் திரும்பச் செருகுவது தற்காலிகம்தான், ஏனெனில் நெருக்கிய உலோகம் வில்லாக இருப்பதில்லை.

1987இன் அமிகா 500இல் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. வெளியே இருக்கும் பவர் சப்ளையிலிருந்து வரும் சதுரக் கனெக்டரில் ஐந்தே பின்கள். 5 வோல்ட்டுக்கு ஒன்று மட்டுமே. பகிர்ந்துகொள்ளத் துணை இல்லை. கூடுதல் நினைவகமும் வேகமூட்டி அட்டையும் சேர்த்தால், கூடும் சுமை முழுதும் அந்த ஒரு பின்னின் மேல் விழும்.

இதற்கெல்லாம் முன்பே, 1975இல் வந்த ஆல்டேர் 8800 இந்தச் சிக்கலின் ஒரு பாதியைத் தவிர்த்திருந்தது. அதன் நூறு தொடுமுனைகள் கொண்ட எஸ்-100 பஸ்ஸில் 5 வோல்ட்டே கிடையாது. சீர்படுத்தாத 8 வோல்ட் ஓடும். ஒவ்வொரு அட்டையிலும் இருக்கும் 7805 போன்ற ரெகுலேட்டர் அதை 5 ஆக்கிக்கொள்ளும். தொடுமுனையில் கால் வோல்ட் போனாலும் சில்லுகளுக்கு அது தெரியாது. தொடுமுனை சூடேறுவதை மட்டும் அந்த ஏற்பாட்டால் தடுக்க முடியாது. தடுமாற்றம் எதையும் காட்டாமல் இயந்திரம் ஓடிக்கொண்டிருப்பதால், எஸ்-100 இயந்திரங்களில் பஸ்ஸின் ஓரத்தில் உள்ள மின்வழங்கு முனைகளைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

ஐபிஎம் மரபில் இந்தச் சுமையைக் குறைத்தது 12 வோல்ட்டுக்கு மாறியதுதான். 1995இல் ஏடிஎக்ஸ் என்ற புதிய தரம் வந்தபோதும், பின்வந்த சில ஆண்டுகளிலும் பல மதர்போர்டுகள் பிராசசருக்கான மின்திறனை 5 வோல்ட்டிலிருந்தே எடுத்தன. அந்தக் காலத்து இருபது-முனைக் கனெக்டர்களிலும் பழுப்பேறிய சிவப்பு முனைகளைக் காணலாம். 2000இல் பென்டியம் 4உடன் பிராசசருக்கென்று தனி நான்கு-முனை 12 வோல்ட் கனெக்டர் வந்தது. அதே மின்திறனுக்கு மின்னோட்டம் 2.4 மடங்கு குறைவு. தொடுமுனைச் சூடு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு.

பழுதுபார்த்த பின் சோதனை

வேலை முடிந்ததும் கணினியை ஹார்டு டிஸ்க், அட்டைகள் எல்லாவற்றோடும் ஒரு மணி நேரமாவது ஓடவிட வேண்டும். வெறும் மதர்போர்டில் போட்டுப் பார்த்தால் சுமை குறைவாக இருக்கும், உண்மை தெரியாது. பவர் சப்ளையை மட்டும் சுமையே இல்லாமல் போட்டுப் பார்ப்பதும் கூடாது; அக்கால ஸ்விட்சிங் வகைகளுக்குக் குறைந்தபட்சச் சுமை தேவை. ஒரு மணி நேரம் கழித்து, சூடாக இருக்கும்போதே, ஒவ்வொரு தொடுமுனையின் இழப்பையும் ஒவ்வொரு வயரின் இழப்பையும் மறுபடி அளக்க வேண்டும். பவர் சப்ளையிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் சில்லின் மேலேயே 5 வோல்ட்டையும் அளக்க வேண்டும், 4.9க்கு மேல் இருந்தால் வேலை சுத்தம். அந்த எண்களைத் தேதியோடு ஒரு சீட்டில் எழுதி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவைத்தால், ஆண்டுக்கொரு முறை அளந்து ஒப்பிடலாம். 15 மில்லிவோல்ட் இருந்த இடத்தில் 40 தெரிந்தால், நைலான் நிறம் மாறுவதற்கு வெகு முன்பே முனையை மாற்றிவிட முடியும்.